ஓவர்லாக் வாங்கப் போய்த் தெருவைக் காலி செய்த கதை

எழுதிப் பழகியவர்கள் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் இரண்டு வரிக்கு மேல் எதையும் எழுதியதில்லை. பட்டாசுப் பெட்டிகளின் மேல் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று மார்க்கர் பேனாவால் எழுதுவதையும் எழுத்தில் சேர்ப்பதாக இருந்தால் நிறைய எழுதியிருக்கிறேன். அதைத் தவிர எழுத்துக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது.

ஆனாலும் இதை எழுதியே ஆக வேண்டும். காரணம், எங்கள் ஊர் ஆமத்தூரில் இந்தக் கதையை என்னைத் தவிர எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிற ஒவ்வொருவரும் என் உடம்பிலிருந்து ஒரு துணியைக் குறைக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தவர் சொல்லிக் கேட்டபோது என்மேல் அரைஞாண் கயிறு மட்டும்தான் பாக்கி இருந்தது. இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவும் போய்விடும்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஊர் வரை போய் நடந்து வந்திருக்கிறேன். (என் மனைவி மாரீஸ்வரி கூட இருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை. அவள் சொன்னால் எங்கள் பஸ் டிரைவருக்கும் கேட்கும், எதிரே வருகிற பஸ் டிரைவருக்கும் கேட்கும்.) அப்படிப்பட்ட நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், சிவகாசியில் ஒரு தெரு முழுக்கப் பார்க்கும்படி ஓடினேன். ஏன் ஓடினேன், எந்தக் கோலத்தில் ஓடினேன் என்பதுதான் விஷயம்.

ஆறேழு வருஷத்துக்கு முன்பு நானும் மாரீஸ்வரியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் பேக்கிங்கில். அவள் மருந்து செலுத்தும் அறையில். வெடி மருந்தைக் குழாயில் அடைக்கிற வேலை அது. அந்த அறைகளுக்குச் சுற்றிலும் கதவு இருக்கும். எல்லாக் கதவும் வெளிப்பக்கமாகத் திறக்கும். ஏதாவது பொறி தெரிந்தால், ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால், எந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறதோ அது வழியாக ஓட வேண்டும். என்ன, ஏது என்று கேட்கக் கூடாது. செருப்பைத் தேடக் கூடாது, தூக்குவாளியை எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவே கூடாது. ஒருவர் எழுந்து ஓடினால் அத்தனை பேரும் ஓட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. (சொல்லித் தந்தார்கள், அவ்வப்போது மீட்டிங் போட்டு, டீயும் வடையும் கொடுத்து. வடைதான் நினைவிருக்கிறது.) மற்றதை எல்லாம் உடம்பே கற்றுக்கொண்டது.

அதற்கு முந்தின வருஷம் அவள் அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு நாள் தீப்பிடித்துக்கொண்டது. உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் அது எங்களுக்குத் தெரிய சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை நான் வேலிக்கு வெளியே நின்று, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கருவேலங்காட்டைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “தண்ணி இருக்கா?” என்று கேட்டாள். “இல்ல” என்றேன். அவ்வளவுதான் பேசினோம். வீட்டுக்கு வந்து அவள் காலில் ஏறியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் மனதிலும் ஒரே முடிவுதான் இருந்தது. அவள் இனி அந்த அறைக்குப் போகக் கூடாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து செய்ய நிரந்தரமாக ஒரு வேலை வேண்டுமே. அது கிடைக்காமல் மறுபடியும் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

மாரீஸ்வரிக்குத் தையல் தெரியும். வேலை முடிந்து வந்து நைட்டி, உள்பாவாடை எல்லாம் தைத்துக் கொடுப்பாள். அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள் அனைவருக்கும் சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளப் பருத்திக் கோட்டு கொடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. மாரீஸ்வரி ஒன்று தைத்து எடுத்துக்கொண்டு போய் எங்கள் போர்மேனிடம் காட்டினாள். அவர் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினார்.

“தையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கன பாரு, ஓரம் பூராம் நூலாத் தொங்குது. இது பிரிஞ்சு மருந்துல விளுந்தா யாரு பதில் சொல்றது? ஓவர்லாக் அடிச்சுக் கொண்டா.”

“எப்பங்க சார் காட்டணும்?”

“ஞாயித்துக்கிளம சாயங்காலத்துக்குள்ள காட்டு. திங்கக்கிளம முதலாளி மதுரக் கம்பெனிக்கு ஆர்டரச் சொல்லிருவாரு. உனக்குக் கிடைச்சா வருசம் பூராம் தைக்கத்தான் நேரம் இருக்கும். இங்கன வந்து மருந்து செலுத்த வேண்டாம்.”

தையல் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். வெட்டின துணியின் ஓரத்தைச் சும்மா விட்டால் பிரிந்துகொண்டே போகும். ஓவர்லாக் மெஷினில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. அது ஓரத்தைச் சீவிக்கொண்டே போகும். பின்னாலேயே நூல்கள் வந்து அந்த ஓரத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகும். இரண்டு துணியை வைத்தால் இரண்டையும் சேர்த்தே பின்னிவிடும். கொடுத்ததைச் சீவிப் பின்னும். கொடுத்தது என்ன துணி என்று அது கேட்காது. (இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

ஆக, உடனே ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்க வேண்டும். எதை வாங்குவது என்று கேட்கப் போனால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மார்க்கெட் பக்கத்து டெய்லர், “மூணு நூல் மெஷின் போதும்” என்றார். என் சகலை, “நாலு நூல் இல்லேன்னா அது மெஷினே இல்ல” என்றார். (அவர் சட்டைப் பொத்தான் அறுந்தால் பின்னூசி குத்திக்கொண்டு அலைகிறவர்.) இன்னொருவர், மேஜையும் மோட்டாருமாக வருகிற பெரிய மெஷின்தான் உழைக்கும் என்றார். வேறொருவர், வீட்டுக்கு எதற்கு அது, மிக்ஸி அளவில் சின்னதாக வருகிறதே, வேலை முடிந்ததும் பரணில் தூக்கி வைத்துவிடலாமே என்றார்.

மாரீஸ்வரிக்குப் பெரியதில் ஆசை. எனக்குச் சின்னதில். காரணம் கேட்டால் கரண்ட் மிச்சம், இடம் மிச்சம் என்றேன். உண்மைக் காரணம் வேறு. பெரிய மெஷின் வந்து இறங்கினால் தெருவே எட்டிப் பார்க்கும். என்ன வாங்கியிருக்கீக, எங்கன வாங்குனீக என்று வந்து கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும். சின்னது என்றால் பையில் போட்டு, பலகாரம் வாங்கி வருகிற மாதிரி வீட்டுக்குள் கொண்டுபோய்விடலாம். உலகத்தில் ஓவர்லாக் மெஷினை இந்தத் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டுக்கான காடாத் துணியையும் பருத்தி நூல் கண்டுகளையும் எடுத்துக்கொண்டு சிவகாசி போனோம். நான் வெளுத்த வேட்டி கட்டியிருந்தேன். அந்தக் காடாத் துணியும் என் வேட்டியும் ஏறக்குறைய ஒரே நிறம்.

கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கம்பெனிப் பழக்கம். கடைக்கார அண்ணாச்சி எழுந்து, “வாங்க, வாங்க. செருப்போடயே வரலாம்ல” என்றார். மெஷின் ஓட்டிக் காட்டுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருந்தார். நெற்றியில் விபூதி, கழுத்தில் அளவு நாடா, நிதானமான ஆள்.

“இதுங்க, தொழில் மெஷினு. நாள் பூரா ஓட்டலாமுங்க” என்று பெரியதைக் காட்டினார். “அதுங்க, வீட்டு மெஷினு. ஓட்டி முடிச்சு உள்ள எடுத்து வெச்சுக்கலாமுங்க” என்று மேஜை மேல் வெள்ளையாக உட்கார்ந்திருந்த சின்னதைக் காட்டினார். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. வாய் பேசாத பிள்ளை மாதிரி இருந்தது.

மாரீஸ்வரி பெரியதில் உட்கார்ந்து மிதியை அமுக்கினாள். கடையே அதிர்ந்தது.

நான் குனிந்து அவள் காதில், “தெருவே எட்டிப் பாக்கும் மாரி” என்றேன்.

“பாக்கட்டும். தைக்கிற சத்தந்தானே? திருடுற சத்தமா?”

“அக்கம்பக்கத்துல ஏதாச்சும் சொல்லுவாக...”

“என்னத்தச் சொல்லுவாக? அந்தச் சின்னதத்தான் நீக ஓட்டிப் பாருங்களேன். வேலைவிட்டு வந்து ஓரம் அடிக்கப்போறது நீகதானே.”

அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். அவள் தைக்க வேண்டும், நான் சாயங்காலம் வந்து ஓரம் அடிக்க வேண்டும். ஆகவே நான் சின்ன மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் பார்த்துக்கொண்டிருந்தார். நூல் வாங்க வந்த மூன்று நான்கு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை இத்தனை பேர் கடைசியாகப் பார்த்தது என் கல்யாணத்தில். அன்றைக்கே தாலியை மூன்று தடவை கீழே விட்டேன்.

காடாத் துணி வெட்டாமல் நீளமாக இருந்தது. அதை மடியில் குவித்துக்கொண்டு, ஒரு முனையை மெஷினுக்குள் கொடுத்து, மிதியை அமுக்கினேன். கூச்சத்தில் காலுக்கு அளவு தெரியவில்லை. முழுசாக அமுக்கிவிட்டேன். மெஷின் வெறி பிடித்த மாதிரி துணியை இழுத்துக்கொண்டு போனது. பார்த்தால் ஓரம் அச்சில் வார்த்த மாதிரி அழகாக வருகிறது!

“அடடே, கை நல்லாத் தெளிவா இருக்கே” என்றார் அண்ணாச்சி.

என் வாழ்க்கையில் ஒரு அந்நியர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. தலை கிறுகிறுத்தது. இன்னும் அமுக்கினேன். மடியிலிருந்து துணி போய்க்கொண்டே இருந்தது. என் பார்வையெல்லாம் மெஷினுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த ஓரத்தின் மேல்தான். இந்தப் பக்கம் என் மடியிலிருந்து எது போய்க்கொண்டிருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. இடுப்பில் யாரோ பிடித்து மெதுவாக இழுக்கிற மாதிரி இருந்தது. கூச்சப்பட்டு அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் மெஷின் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் உறுமியது. நான் காலை எடுக்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். மெஷினின் பக்கவாட்டுத் துவாரத்துக்குள்ளே, நீலமாக, பளிச் பளிச்சென்று பொறி.

அதற்குப் பிறகு நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. கால்தான் முடிவு செய்தது. ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தேன், ஓடினேன். ஒரு வார்த்தை கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. யாராவது ‘என்ன?’ என்று கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் சத்தமில்லாமல் ஒருவன் வெறுங்காலோடு ஓடினால் அதைவிட மோசமான செய்தி கிடையாது.

கடையில் இருந்த பெண்கள் என் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அண்ணாச்சி கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார். பக்கத்தில் தினசரி காலண்டர் ஒட்டுகிற இடத்திலிருந்து பசை கையோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். பரோட்டா மாஸ்டர் வீசிக்கொண்டிருந்த மாவைக் காற்றில் விட்டுவிட்டு ஓடினார். வாழைப்பழ வண்டி தனியாக நின்றது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் கேட்டுவிட்டு ஓடுவதில்லை. ஓடிவிட்டுத்தான் கேட்பது. இதற்கெல்லாம் முன்னணியில், தெருவின் நட்ட நடுவில், நான்.

காலுக்குக் காற்றாக இருந்தது. இதென்ன இவ்வளவு இலகுவாக ஓடுகிறோம் என்று ஒரு கணம் தோன்றியது. குனிந்து பார்த்தேன். சட்டை இருந்தது. அதற்குக் கீழே பட்டாபட்டி டிராயர் இருந்தது. வேட்டி இல்லை. (டிராயர் இருந்தது. இதை நான் தெளிவாகவும் அழுத்தமாகவும் எழுதுகிறேன். கோடு போட்டது, முழங்கால் வரை வருவது. கல்யாணப் பந்தியில் கதை சொன்னவர் தயவுசெய்து கவனிக்கவும்.)

வேறு எந்த நாளாக இருந்தாலும் அங்கேயே மண்ணைத் தோண்டிப் படுத்திருப்பேன். ஆனால் அதற்குள் வேறொன்று உறைத்துவிட்டது. மாரீஸ்வரி எங்கே?

தெருமுனையில் நின்று திரும்பினேன். ஓடி வருகிறவர்கள் எல்லோரும் தெரிகிறார்கள். அவள் இல்லை. சேலை நிறம் மறந்துபோனது. காலையில் அவள் என்ன கட்டியிருந்தாள் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. பழைய வேலி, கண்மாய்க் கரை, அந்தச் சாயங்காலம் எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் வருகிற பக்கத்துக்கு எதிராக நான் மறுபடியும் கடையைப் பார்த்து ஓடினேன். போகும்போது என்னைப் பின்பக்கம் மட்டும் பார்த்தவர்கள் இப்போது முன்பக்கமும் பார்த்துக்கொண்டார்கள்.

கடைக்குள் ஒரே ஒரு ஆள் இருந்தார். கோயம்புத்தூர் டெக்னீஷியன். மேஜை விளிம்புக்கு வந்துவிட்ட மெஷினை விழாமல் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மெஷின் வாயிலிருந்து என் வேட்டி தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, எல்லாரும் எங்கீங்க போறீங்க?” என்றார்.

“எம் பொண்டாட்டி எங்க?”

“அவங்களா? நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாலயே பின்பக்கக் கதவு வழியாப் போயிட்டாங்களே. ஏனுங்க, ஏதாச்சும் சண்டைங்களா?”

பின்பக்கக் கதவு வழியாக ஓடினேன். சந்தின் கடைசியில் ஒரு வீட்டுப் படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. முகம் வெளுத்துப் போயிருந்தது. பொறி தெரிந்த பக்கம் நின்றவள் அவள்தான். எனக்கு முன்பே அவள்தான் பார்த்திருக்கிறாள். என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் போட்ட சத்தத்தில் அந்த வீட்டு நாய் எழுந்து உள்ளே போய்விட்டது.

“நீக அங்கிட்டு ஓடிருவீகன்னுதான நான் இங்கிட்டு வந்தேன்! எதுக்குத் திரும்பி வந்தீக? அறிவிருக்கா? ஓடுனா ஓடிக்கிட்டே இருக்கணும்னு தெரியாது?”

“உன்னயக் காணோம்...”

“காணோம்னா? வெடிச்சிருந்தா? ரெண்டு பேரையும் சேத்து அள்ளணுமா?” என்றவள், அப்போதுதான் கீழே பார்த்தாள். “வேட்டி எங்க?”

“மெஷின்ல.”

 அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

கடைக்குத் திரும்பி வந்தபோது தெரு கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் ஒரு தையல் மெஷின் உறையை என்னிடம் நீட்டினார். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். அதன் மேல் கடையின் பெயர் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் யாராவது ஒருவர் படித்தார்கள். அண்ணாச்சி தெருக் கடைசிப் பிள்ளையார் கோயில் வரை போய்விட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

“என்னய்யா ஆச்சு?”

“பொறி... மெஷின்ல...” என்றேன்.

டெக்னீஷியன் மெஷினைத் திருப்பிப் பார்த்தார். “இதுங்களா? மோட்டாருக்குள்ள கார்பன் பிரஷ்னு ஒண்ணு இருக்குங்க. புதுசுல கொஞ்சம் மினுக்கும். துணி சிக்கி நின்னுட்டா இன்னும் மினுக்கும். மிக்ஸியில பாத்ததில்லீங்களா? இதுக்காங்க ஒரு ஊரே ஓடுச்சு?”

 ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவில் ஒரு ஆள்கூட என்னை ‘ஏன் ஓடினாய்’ என்று திட்டவில்லை. காற்றில் விட்ட மாவைத் தரையிலிருந்து எடுத்த பரோட்டா மாஸ்டர்கூட, “ஓடுனதுதாண்ணே சரி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எங்கள் பக்கத்தில் ஓடியவனை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். வேட்டி இல்லாமல் ஓடியவனைத்தான் கேலி செய்வார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் கடைக்குள் வந்தார். ஒரு பக்கக் கன்னம் பளபளவென்று சவரம் செய்திருந்தது. மறுபக்கம் சோப்பு நுரை. கழுத்தில் சலூன் துண்டு. யாரோ என்று பார்த்தால் எங்கள் போர்மேன்! எதிர்த்த சலூனில் உட்கார்ந்திருந்தவர், மற்றவர்களோடு ஓடிப்போய்த் திரும்பியிருக்கிறார்.

“ஏலே காளிராஜ், நீயா?”

இடுப்பு உறையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். சாயங்காலம் காட்ட வேண்டிய மாதிரிக்கு இன்னும் ஓரம் அடிக்கவில்லை. நாளைக்கு மதுரைக் கம்பெனிக்குச் சொல்லிவிடுவார்கள். இவளை நான் மறுபடியும் அந்த அறைக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் என் காலால் வந்தது. மிதியை அமுக்கியதும் அதுதான், ஓடியதும் அதுதான்.

போர்மேன் என்னைப் பார்க்கவில்லை. மெஷினில் தொங்கிய வேட்டியைப் பார்த்தார். அதன் ஓரமும் காடாத் துணியின் ஓரமும் சேர்ந்து ஒன்றாகப் பின்னியிருந்தன. கையில் பிடித்து இழுத்தார். விரலால் நெருடிப் பார்த்தார். மறுபடியும் பலம் கொண்ட மட்டும் இழுத்தார்.

“இத இளுத்துக்கிட்டா ஓடுன?”

“ஆமா சார். தெரியாம...”

“வேட்டி அவுந்துருச்சு. மெஷினு மேசை ஓரத்துக்கு வந்துருச்சு. ஆனா தையல் ஒரு இடத்துலகூட விடல பாரு!” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “உசுருக்குப் பயந்து ஓடுறவன் இளுத்தே விடலேன்னா இதுக்கு மேல என்னத்தச் சோதிச்சுப் பாக்குறது? மாரீஸ்வரி, அந்தக் கத்திரியக் குடு.”

அவரே என் வேட்டியின் ஓரத்தைக் காடாத் துணியோடு சேர்த்து ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முதலாளிக்குக் காட்டுகிற மாதிரி அதுதான். நான் ஜவுளிக்கடையில் பார்த்துப் பார்த்து எடுத்த வேட்டியின் கரை, நான் ஒரு நாளும் நுழைந்திராத முதலாளி அறைக்குள் எனக்கு முன்பே போய்விட்டது.

மாரீஸ்வரி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. டெக்னீஷியனிடம் போனாள்.

“அண்ணே, அந்தப் பெரிய மெஷினும் இப்பிடி மினுக்குமா?”

“இல்லீங்க. அதுல வேற மோட்டாருங்க. பிரஷ்ஷே கிடையாது. பொறி வரவே வராதுங்க.”

அவள் என்னிடம் கேட்கவில்லை. பெரிய மெஷினில் உட்கார்ந்து, பருத்தி நூலைக் கோக்கச் சொல்லி, ஒரு துண்டுக்கு ஓரம் அடித்துப் போர்மேனிடம் நீட்டினாள். அவர் அதையும் இழுத்துப் பார்த்துவிட்டு, “ஆர்டர் உனக்குத்தான்னு நெனச்சுக்க” என்றார்.

“அதையே கட்டுங்க அண்ணாச்சி” என்றாள். “சின்னதுல ஒவ்வொருக்கா மினுக்கும்போதும் இவுக ஓடி, இவுக பின்னால ஊரு ஓடி, நான் எப்பத் தைக்கிறது?”

மூன்று நூலா, நாலு நூலா என்று ஊரெல்லாம் விசாரித்த நாங்கள் கடைசியில் அதைக் கேட்கவே மறந்துவிட்டோம். (நாலு நூல். சகலை இன்றுவரை தான் சொல்லித்தான் வாங்கினோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.) தெருவே எட்டிப் பார்க்கும் என்று நான் பயந்த மெஷின் அன்று சாயங்காலம் குட்டியானை வண்டியில் வந்து வாசலில் இறங்கியது. தெரு எட்டிப் பார்த்தது. ஆனால் யாரும் மெஷினைப் பார்க்கவில்லை. வெட்டியது போக முழங்காலோடு நின்றுபோன வேட்டியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வந்த என்னைத்தான் பார்த்தார்கள்.

போர்மேன் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கன்னத்து நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே, “நீ என் மூஞ்சியப் பத்தி வெளிய சொல்லாத. நான் உன் வேட்டியப் பத்திச் சொல்லல” என்றார். நான் வாக்கைக் காப்பாற்றினேன். அவர் மறுவாரமே சொல்லிவிட்டார். ஆகவே இப்போது நானும் எழுதிவிட்டேன்.

இன்றைக்கும் ஏதாவது விசேஷ வீட்டில் நான் போய் உட்கார்ந்தால் போதும். “காளிராஜண்ணே, வேட்டிய இறுக்கிக் கட்டிருக்கீகளா? சமையல்காரரு அடுப்பப் பத்த வைக்கப் போறாரு” என்று ஒருவர் ஆரம்பிப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் மாரீஸ்வரியே கதையைத் தொடங்கிவிடுவாள். நீலப் பொறி, பரோட்டா மாவு, கோடு போட்ட டிராயர் என்று ஒன்றையும் விடமாட்டாள். ஆனால் நான் தெருமுனையிலிருந்து திரும்பி ஓடி வந்த இடம் வரும்போது மட்டும், “இருங்க, காப்பி போட்டுட்டு வாரேன்” என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். அந்த இடத்தை நான்தான் சொல்லி முடிக்க வேண்டியிருக்கும். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். சொல்ல மாட்டேன்.

அந்த ஓட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. கம்பெனி வேன் எப்போதும் போல வந்தது. நான் மட்டும் ஏறினேன்.